மென்விலக்கு

சங்கரலிங்கம் தன் அக்காவை விலக்கிவைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பதினொன்று பத்துக்கு. கோபதாபம் ஒன்றும் கிடையாது. சண்டை இல்லை, சொத்துத் தகராறு இல்லை. அக்கா போனில் பேசினாள், இவன் கேட்டான், அவள் பேசி முடித்து வைத்ததும் இவன் போனின் அமைப்புகளுக்குள் போய் அவள் பெயருக்கு எதிரே இருந்த ஒரு கட்டத்தைத் தொட்டான். அப்புறம் மேசையில் மிச்சமிருந்த ஏழு தண்ணீர்ப் புட்டிகளையும் சோதித்து, குளோரின் அளவைக் குறித்துவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்தான். திருச்சியில் குடிநீர் சோதிக்கும் கூடம் ஒன்றில் அவனுக்கு இருபது வருட வேலை. அன்றைக்குத் தண்ணீரெல்லாம் நன்றாகவே இருந்தது.

அதற்கு நான்கு மாதம் முன்னால் அவன் மகள் கோமதி இறந்துபோயிருந்தாள். பதினோரு வயது. காய்ச்சல், மூன்று நாள். இதை விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. லிங்கமும் யாரிடமும் விரித்துச் சொன்னதில்லை. பிள்ளைக்கு இரண்டு வயதாகும்போதே பிரிந்துபோய் வேறு ஊரில் வேறு குடும்பமாக இருக்கும் மனைவி வந்து அழுதுவிட்டு அன்று மாலையே திரும்பினாள். வந்தவர்கள் எல்லோரும் லிங்கம் அழுவான் என்று காத்திருந்தார்கள். அவனும்தான் காத்திருந்தான். வரவில்லை. வராத பஸ்ஸுக்கு எத்தனை நேரம் நிற்பது? பதினேழாம் நாள் வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

அக்கா அப்படியில்லை. சண்முகவடிவு அக்காவுக்கு அறுபத்தொரு வயது, சங்கரன்கோவிலில் தனியாக இருந்தாள், கல்யாணம் என்று ஒன்று அவளுக்கு அமையவில்லை. கோமதியை வளர்த்ததில் பாதி அவள்தான். லீவு விட்டால் பிள்ளை அங்கே; லீவு முடிந்தால் பாடமெல்லாம் போனிலேயே அத்தையிடம் ஒப்பித்தாக வேண்டும். அந்தப் பிள்ளை போனதிலிருந்து அக்கா தினமும் சரியாகப் பதினொரு மணிக்கு லிங்கத்தைக் கூப்பிட்டாள். கூப்பிட்டு, முதலில் அழுவாள். அழுது முடித்து, "இன்னைக்கு முழுப்பரீச்சை ஆரம்பம் லிங்கம். பிள்ளை இருந்தா கணக்குக்குப் பயந்துக்கிட்டு சாப்பிடாமப் போயிருக்கும்" என்பாள். மறுநாள், "அந்தப் பச்சைப் பாவாடை இப்பம் பத்தாமப் போயிருக்கும், என்ன?" என்பாள். இருந்திருந்தால் என்னென்ன ஆகியிருக்கும் என்று நாள் தவறாமல் அவளிடம் ஒரு செய்தி இருந்தது. லிங்கம் "ம்" என்பான். வானிலை அறிக்கை கேட்பதுபோலத்தான் கேட்டான். ஆனால் வர வர அந்த ஒரு "ம்" சொல்லவே அவனுக்கு மூச்சு வாங்கியது. அக்காவை அவனுக்குப் பிடிக்கும். அவள் பேசுவதைத்தான் தாங்க முடியவில்லை.

போன் கம்பெனிக்காரர்கள் இதற்கென்றே இரண்டு வசதி வைத்திருந்தார்கள். ஒன்று வன்விலக்கு. போட்டால், கூப்பிடுகிறவருக்கு 'நீங்கள் விலக்கப்பட்டிருக்கிறீர்கள்' என்று தெரிந்துவிடும். இன்னொன்று மென்விலக்கு. அதைப் போட்டால் கூப்பிடுகிறவருக்கு ஒன்றுமே தெரியாது. அவருடைய அழைப்பு முன்பின் தெரியாத வேறு யாருக்கோ போகும், அவரும் எடுத்து, 'இது வேறு எண்ணாயிற்றே' என்பார், இவரும் ஏதோ தப்பாகப் போட்டுவிட்டோம் என்று வைத்துவிடுவார். வேறொருவர் போனை வாங்கிக் கூப்பிட்டாலும் கதை அதேதான். இப்போது வருகிற போன்களுக்குத் தன்னைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்று தெரியும். 'எதிர்முனையில் யார் மனமும் நோகாது' என்று கீழே பச்சை எழுத்தில் போட்டிருந்தது. லிங்கம் அதை ஒன்றுக்கு இரண்டு தடவை படித்தான். நல்ல ஏற்பாடு என்றுதான் அவனுக்குப் பட்டது.

அவன் யோசிக்காமல் விட்டது ஒன்று உண்டு. அதை அவன் யோசித்திருக்க வேண்டும், வேறு யாருக்கும் அது தெரிந்திருக்க நியாயமில்லை.

சண்முகவடிவு அக்கா முப்பத்திரண்டு வருடம் திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். எந்த டாக்டர் எந்த நேரத்தில் எந்த வீட்டில் இருப்பார், ரத்தம் எங்கே கிடைக்கும், ஆம்புலன்ஸ் டிரைவரின் மச்சினன் நம்பர் என்ன, எல்லாம் தலைக்குள். பொழுதுபோகாத பையன்கள் போன் போட்டு "பிணவறையில இடம் இருக்கா?" என்று விளையாடுவார்கள். அவர்கள் வாயைத் திறக்குமுன் மூச்சுவிடுகிற தினுசிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். "தம்பி, அம்மா பக்கத்துல இருக்காங்களா, குடுங்க" என்பாள். அவ்வளவுதான், வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் எந்த எண்ணையும் அவள் போனில் பதிந்து வைத்துக்கொண்டதில்லை. பெயரைச் சொன்னால் போனே கூப்பிடும் காலத்தில், பத்து இலக்கத்தையும் ஒவ்வொன்றாக அழுத்தித்தான் பேசுவாள். பதினொரு மணி என்பதும் ஆஸ்பத்திரியில் அவளுடைய டீ நேரம். "ஆயுசுல நான் ஒரு ராங் நம்பர் போட்டதில்ல" என்பது அந்த மனுஷிக்கு இருந்த ஒரே பெருமை. நகைநட்டைப் பற்றிக்கூட அவள் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை.

அவளுக்குத்தான் அந்தச் செவ்வாய்க்கு மறுநாளிலிருந்து தினமும் ராங் நம்பர் போக ஆரம்பித்தது.

லிங்கத்துக்குப் பதினொரு மணி அமைதியாகக் கழிந்தது. ஞாயிறுதோறும் "நல்லா இருக்கேன்க்கா" என்று ஒரு செய்தி அனுப்பினான். "நல்லது. நேரத்துக்குச் சாப்பிடு" என்று பதில் வரும். மென்விலக்கு பேச்சுக்கு மட்டும்தான், எழுத்துக்கு இல்லை. போன் கிடைக்கவில்லை என்றோ, ஏன் பேசுவதில்லை என்றோ அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அதை அவன் சௌகரியமாக எடுத்துக்கொண்டான்.

ஒரே ஒரு தொல்லை புதிதாக முளைத்தது. தெரியாத எண்களிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு நாள் ஆண் குரல், ஒரு நாள் சின்னப் பெண் குரல். "சார், நீங்க சங்கரலிங்கமா?" என்பார்கள். "ஆமா" என்பான். போன் கைமாறுகிற மாதிரி ஒரு கசமுசா. கட். இப்படி மாதத்துக்கு ஐந்தாறு. எவனோ வேலையற்றவன் விளையாடுகிறான் என்று நினைத்தான். திட்டக்கூடத் தோன்றவில்லை. அந்த மாதங்களில் அவனுக்கு எதுவுமே தோன்றவில்லை என்பதுதான் நிஜம். சோறு வெந்ததா வேகவில்லையா என்று வாய்க்குத் தெரியாது; மழை பெய்தால் நனைந்துகொண்டே வந்து நின்ற பிறகுதான் குடை கையில் இருப்பது தெரியும்.

ஏழு மாதம் போனது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கை கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"சங்கரலிங்கம் சார்தானே? வச்சிராதீங்க சார். நான் விளையாட்டுக்குப் போடல."

"சொல்லுங்க."

"மேலப்பாளையத்துலேருந்து பீர்முகமது பேசுதேன். தையக்கடை வச்சிருக்கேன். உங்க அக்கா சண்முகவடிவு, சங்கரன்கோவில். சரிதானே சார்? அவங்க தினமும் எனக்குத்தான் போன் போடுதாங்க."

லிங்கம் குழாயை மூடினான். "என் நம்பர் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அக்காதான் சார். எடுத்ததும், நான் போட்டது இந்த நம்பர்தானேன்னு பத்தையும் ஒப்பிப்பாங்க. மாசக்கணக்காக் கேட்டா மனப்பாடம் ஆகாதா? இப்பம்தான் ஒப்பிக்கிறத விட்டுட்டாங்க. மொதல்ல எவனோ பொம்பளக் குரல்ல வெளையாடுதான்னு நெனச்சேன். ரெண்டு நாள் இல்லக்கா, இல்லக்கான்னு வச்சேன். மூணாம் நாள் அவங்க குரல் ஒரு மாதிரி ஆயிட்டு. 'தம்பி, நான் ஆபரேட்டரா இருந்தவ, எனக்கு இப்படி ஆகாதே'ன்னாங்க. எனக்கு மனசு கேக்கல. சரி, சும்மா பேசுங்கக்கா, நான் தச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்னு ஸ்பீக்கர்ல போட்டுட்டேன். அப்படியே பழக்கமாப் போச்சு."

"என்ன பேசுவாங்க?"

"என்னமும் பேசுவாங்க சார். பிள்ளையப் பத்திப் பேசுவாங்க. அழுவாங்க. இப்பம் அழுறதில்ல." பின்னால் தையல் மெஷின் நின்றது. "விஷயம் அது இல்ல சார். அக்கா டாக்டர்ட்ட போயிட்டாங்க. தெரிஞ்ச நம்பர் தினமும் தப்பாப் போகுதுன்னா அவரு என்ன சொல்வாரு? மறதிநோய் தொடக்கம்னு மாத்திரை எழுதிக் குடுத்துட்டாரு. நாலு மாசமாச் சாப்பிடுதாங்க. அதைச் சாப்பிட்டா நடை தள்ளாடுது. அடுப்பு பக்கம் போவ பயப்படுதாங்க. வர்ற திங்கக்கெழம வீட்டப் பூட்டிட்டு முதியோர் ஹோம்ல போயிச் சேரப்போறாங்க. பேரு குடுத்தாச்சு."

"என்கிட்ட ஒண்ணுமே சொல்லலையே."

"உங்கட்ட சொல்லக் கூடாதுன்னுதான் சார் இருக்காங்க. 'அவனே பிள்ளையப் பறிகுடுத்துட்டு நிக்கான், இதுல எனக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னும் தெரியணுமா?' அப்படீம்பாங்க. மருந்துக்கடைக்காரர், எதிர்வீட்டுப் பிள்ளன்னு ஆள் ஆளாக் கேட்டு உங்களுக்கு நம்பர் போடச் சொல்லியிருக்காங்க. அவங்க போட்டாச் சரியாப் போகுது. அக்கா கைல வாங்குனா கட் ஆயிருது. அப்பம் கோளாறு நம்மகிட்டதான்னு முடிவு பண்ணிட்டாங்க."

லிங்கத்துக்கு அந்தக் கசமுசா சத்தம் ஞாபகம் வந்தது. ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தான்.

"ஆனா எனக்கு நம்பிக்கை இல்ல சார்" என்றார் பீர்முகமது. "மூணு வாரம் முன்னாடி பேச்சோட பேச்சா ஒருத்தரு சட்டை அளவு சொன்னேன். அந்தச் சீட்டத் தொலைச்சிட்டேன். அக்கா சொல்லுதாங்க, மார்பு நாப்பத்திரண்டு, தோள் பதினெட்டு, கை ஒம்பதரை, காலர் பதினாறுன்னு. அவரு வந்தாரு, அளந்தேன். அரை இஞ்சு வித்தியாசம் இல்ல. மறதிக்காரங்க இப்படிச் சொல்வாங்களா? அதான் இன்னைக்கு நானே இந்த நம்பரைப் போட்டுப் பாத்துருவோம்னு போட்டேன். நீங்க எடுத்துட்டீங்க. அப்பம் அக்கா போட்டா மட்டும் எனக்கு எப்படி சார் வருது?"

"பாக்கறேன்" என்றான் லிங்கம். "என்னன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

"சீக்கிரம் பாருங்க சார். திங்கக்கெழம போயிருவாங்க."

தெரிந்துகொண்டே அந்த மனிதரிடம் 'பாக்கறேன்' என்று சொன்னது தவறு என்று லிங்கத்துக்கு உறைத்தது. உறைத்ததே தவிர, அதற்குமேல் ஒன்றும் ஆகவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போன் போட்டான். 'தென்னிழை' என்பது கம்பெனியின் பெயர். பிரபாவதி என்று ஒரு பெண் எடுத்தாள்.

"மென்விலக்கை எடுக்கணும்" என்றான்.

"எடுத்துடலாம் சார். நாளைக்குக் காலைல ஆறு மணிலேருந்து அவங்க கால் உங்களுக்கே வந்துரும். எதுக்காக எடுக்கறீங்கன்னு தெரிஞ்சுக்கலாமா? எங்க சேவையில ஏதாவது குறை?"

"எங்க அக்கா மறதிநோய்க்கு மாத்திரை சாப்பிடுறாங்க. அவங்களுக்கு மறதி இல்ல. உங்க வசதிதான் இருக்கு."

விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. "இந்தப் புகார் இப்போ நிறைய வருது சார். அதுக்காகவே ஒரு மாற்றம் கொண்டுவரப் போறோம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை, ஒரே ஒரு கால் மட்டும் உங்களுக்கே வர்ற மாதிரி செஞ்சுட்டா அவங்களுக்கும் தன்மேல ஒரு நம்பிக்கை வரும். நீங்க விரும்பினா எடுக்காம அதுக்கு மாத்திக்கலாம்."

"வேண்டாம்." லிங்கம் கொஞ்சம் யோசித்தான். "மேலப்பாளையத்துல ஒரு தையல்காரருக்கு ஏன் போகுது? அவருக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?"

"தனி நபர் பத்திச் சொல்லக்கூடாது சார். பொதுவாச் சொல்றேன். ராங் நம்பர் வந்தா சில பேர் கத்துவாங்க, சில பேர் கெட்ட வார்த்தை பேசுவாங்க. சில பேர் மட்டும், பரவாயில்லைங்க, யார் வேணும்னு கேப்பாங்க. அப்படிப்பட்டவங்களா எங்க சிஸ்டம் பாத்து வச்சிருக்கு. விலக்கப்பட்ட கால் எல்லாம் அவங்களுக்குத்தான் போகும். அதனாலதான் யார் மனசும் நோகாதுன்னு நாங்க உறுதி சொல்ல முடியுது."

"பொறுமையாப் பேசுறவங்களுக்கு இன்னும் நிறைய வரும்."

"ஆமா சார். ஒரு நாளைக்கு முப்பது, நாப்பதுகூடப் போகும்."

"அவங்களுக்கு இது தெரியுமா?"

"ஒப்பந்தத்துல இருக்கு சார். நாப்பத்திரண்டாம் பக்கம்."

அதோடு முடிந்தது என்று லிங்கம் வைக்கப்போனான். அந்தப் பெண் வைக்கவில்லை. பதிவு நின்றுவிட்டதற்கு அடையாளமாக ஒரு மணி ஒலித்தது; அதன் பிறகு வேறு குரலில் பேசினாள். "சார், எங்கப்பாவும் எங்கண்ணனுக்குப் போட்டா ராங் நம்பர் போகுதுங்கறாரு. கை நடுங்குது போலன்னு சொல்றாரு. நான் நினைச்சா ஒரு நிமிஷத்துல பாத்துடலாம். பாக்கலை."

"பாக்காதீங்க" என்றான் லிங்கம். ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

இனி நடக்க வேண்டியதை அவன் மனதுக்குள் ஒழுங்கு பண்ணிக்கொண்டான். சங்கரன்கோவிலுக்கு ஒரு பஸ் பிடித்தால் அஞ்சு மணி நேரம். வாசலில் போய் நிற்கலாம். வாசலில் போய் நின்றால் முகத்தைக் காட்ட வேண்டும். அதைவிட, நாளைக்குப் பதினொரு மணிக்கு அக்கா கூப்பிடுவாள், இவன் எடுப்பான், லைனில் ஏதோ கோளாறு இருந்தது, சரிபண்ணிவிட்டார்கள் என்பான். மாத்திரை நிற்கும். ஹோம் நிற்கும். யார் மனமும் நோகாது. இந்த வார்த்தைகள் பச்சை எழுத்தில் தன் தலைக்குள் வந்ததை அவன் கவனிக்கவில்லை.

தையல்காரருக்கு மட்டும் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. சாயங்காலம் வேலை விடுகிற நேரத்தில் கூப்பிட்டான்.

"ஒண்ணு கேக்கணும்" என்றான். "உங்களுக்கு நிறைய ராங் நம்பர் வருமா?"

"ஐயோ, அதை ஏன் கேக்கீங்க! முப்பது, முப்பத்தஞ்சு வரும் சார். எல்லாம் யாரையாவது தேடுற கால். மகனைத் தேடுவாங்க, மாமாவைத் தேடுவாங்க, கூடப் படிச்சவனைத் தேடுவாங்க. ஒரு பெரியவர் தெனமும் என்னை மாணிக்கமான்னு கேப்பாரு. என் நம்பர்ல என்னமோ ராசி."

"ராசி இல்ல." லிங்கம் கம்பெனியில் கேட்டதை எல்லாம் சொன்னான். தண்ணீர் அறிக்கை வாசிக்கிற குரலில் ஒன்று விடாமல் சொன்னான். சொல்லி முடித்து, "நீங்க ஒரு வாரம் எல்லார்கிட்டயும் கத்துங்க. தானா நின்னுடும்" என்றான்.

அந்தப் பக்கம் கத்தரிக்கோலைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அப்பம் அந்த முப்பது பேரையும் யாரோ வேண்டாம்னு தள்ளி வச்சிருக்காங்களா சார்?"

"ஆமா."

"மாணிக்கம் எங்கயோ இருக்கான். அந்தப் பெரியவரை அவனே இங்க தள்ளி விட்டிருக்கான்."

"ஆமா."

"அக்காவை?"

"நான்தான்."

தையல்காரர் திட்டுவார் என்று லிங்கம் எதிர்பார்த்தான். ஒரு மாதிரி வேண்டியும் இருந்தது. யாராவது நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டால் உள்ளே ஏதாவது அசையுமோ என்று ஒரு நப்பாசை. ஆனால் அந்த ஆளுக்குத் திட்டத் தெரியாது. திட்டத் தெரியாததனால்தானே அவருக்கு இந்தக் கதியே!

"நாளைக்கு எனக்குக் கால் வராது, அப்படித்தானே?" என்றார் பீர்முகமது.

"வராது."

"நல்லதுதான் சார். அக்காவுக்கு அதான் நல்லது." கொஞ்சம் விட்டு, "அவங்ககிட்ட ஒரு கோட்டு அளவு குடுத்து வச்சிருந்தேன். பரவாயில்ல, மறுபடி அளந்துக்குதேன்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் பத்தே முக்காலுக்கே லிங்கம் சோதனைக்கூடத்துப் பின்வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டான். சொல்ல வேண்டியதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். பதினொரு மணிக்கு, ஒரு நிமிடம் முன்பின் இல்லாமல், போன் அடித்தது. ஏழு மாதத்துக்கு அப்புறம் திரையில் அக்காவின் பெயர்.

"பீர் தம்பி, காலர் அளவு பதினஞ்சரைன்னு சொன்னீங்கல்லா, அது கோட்டுக்குப் பத்தாதுன்னு தோணுது" என்று ஆரம்பித்தாள் அக்கா. எண்ணை ஒப்பிக்கவில்லை, யாரென்று கேட்கவில்லை. எடுக்கப்போவது யார் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. "ராத்திரி பூரா யோசிச்சேன்..."

"அக்கா" என்றான் லிங்கம்.

பின்னால் ஒரு பஸ் ஹாரன் மட்டும் கேட்டது.

"லிங்கமா?"

"ஆமாக்கா. நான்தான்."

"நான் எந்த நம்பர் போட்டேன்?"

"என் நம்பர்தான்க்கா. சரியாத்தான் போட்டிருக்க. லைன்ல ஏதோ கோளாறு இருந்திருக்கு, எனக்கே நேத்துதான் தெரியும். கம்பெனில சொல்லிச் சரிபண்ணிட்டேன். உனக்கு ஒண்ணும் இல்லக்கா. மறதியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த மாத்திரைய நிறுத்திரு."

"மாத்திரை சாப்பிடுதேன்னு உனக்கு யாரு சொன்னா?"

லிங்கம் பேசிப் பார்த்த இரண்டு தடவையிலும் இந்தக் கேள்வி இல்லை.

"பீர் தம்பி போட்டிருக்கு உனக்கு" என்றாள் அவளே. குரல் நிதானமாக இருந்தது. அவளுக்கு அது முப்பத்திரண்டு வருடப் பழக்கம். ஆஸ்பத்திரியில் தீ விபத்து கேஸ் வந்த அன்றைக்கும் இப்படித்தான் பேசியிருப்பாள். "கோளாறுன்னா சொல்லுத? லைன்ல கோளாறுன்னா யார் போட்டாலும்லா தப்பாப் போகணும்? மருந்துக்கடைக்காரர் போட்டாரு, உனக்கு வந்துது. எதிர்வீட்டுப் பிள்ள போட்டா, வந்துது. நான் போட்டா மட்டும் மேலப்பாளையம் போகுதுன்னா அது கோளாறு இல்ல லிங்கம். அப்படி யாரோ மாத்தி வச்சிருக்காங்க. உன் நம்பரை மாத்தி வைக்க உன்னைத் தவிர யாரால முடியும்?"

அவன் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்றான்.

"எப்பம் போட்ட?"

"ஏழு மாசம் ஆச்சுக்கா."

"ஒரு செவ்வாக்கெழம பேசினோம். ஆடி வெள்ளிக்குப் பிள்ளைக்கு ஒரு பாவாடை எடுத்திருப்பேன்னு சொன்னேன். அன்னைக்கா?"

"அன்னைக்குத்தான்."

"ம்" என்றாள் அக்கா.

அந்த "ம்" அவனுடையது. இத்தனை நாளும் அதை அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தவன் அவன்தான். அது எப்படி இருக்கும் என்று அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது. அவள் அழுவாள் என்று காத்திருந்தான். அழட்டும், கோமதி இருந்தால் இன்றைக்கு என்ன செய்துகொண்டிருக்கும் என்று சொல்லட்டும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று அவனுக்கு ஆசையாக இருந்தது. பதினோரு மாதத்தில் அவனுக்கு வந்த முதல் ஆசை அதுதான். ஆனால் அக்கா பிள்ளையின் பெயரை எடுக்கவில்லை.

"அப்பம் என் புத்தி சரியாத்தான் இருந்திருக்கு" என்றாள். யாரிடமும் சொல்லாததுபோல, மெதுவாக. சொல்லிவிட்டு ஒரு மூச்சு விட்டாள், அதில் பாரம் இறங்கியது தெரிந்தது. "திங்கக்கெழம வரேன்னு ஹோம்ல சொல்லியிருந்தேன். வேண்டாம்னு இன்னைக்கே சொல்லிருதேன்."

"அக்கா, எனக்கு அன்னைக்கு..." என்று லிங்கம் ஆரம்பித்தான். அன்னைக்கு என்ன என்று அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. "நீ அழுதா என்னால கேக்க முடியலக்கா."

"அழாதன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? நிப்பாட்டியிருப்பேன். நிப்பாட்டித்தான் இருக்கேன் இப்பம்."

"அதுக்கில்லக்கா. இனிமே நீ..."

"பீர் தம்பி நம்பர் உன்கிட்ட இருக்கா?"

லிங்கத்துக்குச் சட்டென்று புரியவில்லை.

"அந்தத் தம்பி உனக்குப் போட்டிருந்தா நம்பர் வந்திருக்கும்லா? நான் உன் நம்பரைப் போட்டுத்தான் அவர்கிட்ட பேசிக்கிட்டு இருந்தேன். அவரு நம்பரை நான் கேட்டதே இல்ல. இனிமே எனக்கு அது வேணும். கோட்டு இன்னைக்கு வெட்டணும்னு சொல்லிட்டிருந்தாரு. இருக்கா?"

"இருக்கு."

"சொல்லு."

போனைக் காதிலிருந்து எடுத்து, நேற்றைய அழைப்புகளில் தேடி, லிங்கம் அந்த எண்ணைப் படித்தான். இரண்டிரண்டாகப் படித்தான். இடையில் பேனா எடுக்கிற சத்தமோ தாளின் சத்தமோ கேட்கிறதா என்று பார்த்தான். ஒன்றும் இல்லை. அவள் எழுதிக்கொள்ளவில்லை.

"திருப்பிச் சொல்லுதேன், சரியான்னு பாருங்க" என்றாள் சண்முகவடிவு. பார் என்று சொல்லவில்லை. பத்து இலக்கத்தையும் ஒவ்வொன்றாக, அவசரப்படாமல், முன்பின் தெரியாத யாருக்கோ வார்டு நம்பர் சொல்வதுபோலச் சொன்னாள்.

பத்தும் சரியாக இருந்தன. அவன் அப்படியே சொன்னான்.

"நன்றிங்க" என்று அக்கா வைத்துவிட்டாள்.